ஸ்லீவ் செய்து மூன்றரை வருடம், இப்போது ஒரு தட்டு முழுக்க இறங்குகிறது. வயிறு விரிந்துவிட்டதா?

கண்ணாடிப்பூ:

வணக்கம். ஒரு வருடமாக நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் படித்துவிட்டு ஓசைப்படாமல் போய்க்கொண்டிருந்தவள், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43. ஸ்லீவ் (எடை குறைக்க வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை) செய்யும்போது 118 கிலோ. பதினெட்டாம் மாதத்தில் 76-க்கு வந்தேன், அதுதான் நான் பார்த்த குறைந்த எடை. ஒரு வருடம் போல அங்கேயே நின்றது. அப்புறம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஏறி இப்போது 84. எட்டுக் கிலோதானே என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது, ஏனென்றால் இப்படி எட்டு எட்டாக ஏறித்தான் நான் 118-க்கே போனேன்.

ஆரம்பத்தில் ஒரு முட்டையை இரண்டு பங்காக்கி காலையில் பாதி, பதினொரு மணிக்குப் பாதி என்று சாப்பிட்ட ஆள் நான். இப்போது இரண்டு முட்டை, ரொட்டி, மேலே ஒரு வாழைப்பழம், எல்லாம் ஒரே தடவையில் உள்ளே போகிறது. முதல் வருடம் பசி என்றால் என்னவென்றே மறந்திருந்தது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். அந்தப் பசியும் திரும்பி வந்துவிட்டது. வயிற்றில் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டோம் என்று சொன்னார்களே, மிச்சம் இருந்ததை நானே தின்று தின்று விரித்துவிட்டேனா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் முகம் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில். மூன்று வேளைச் சாப்பாடு என் கணக்கில் இன்னமும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததிலிருந்து படுக்கும்வரை கை சும்மா இருப்பதில்லை. நாலு பிஸ்கட், பத்து நிமிடம் கழித்து ஒரு கைப்பிடி சிப்ஸ், அப்புறம் இன்னும் இரண்டு பிஸ்கட். அது எதுவும் நெஞ்சில் நிற்பதே இல்லை. கோழித் துண்டு என்றால் நாலு வாய்க்கு மேல் போகாது, மார்பு அடைத்துக்கொண்டு வாயில் எச்சில் ஊறும். அதனால் கறி, மீன் எல்லாம் மெதுவாகக் கழன்றுபோய்விட்டன.

ஐந்து நாள் வெறும் திரவம் குடித்தால் வயிறு மறுபடி சுருங்கிப் பழைய நிலைக்கு வரும் என்று ஓர் இடத்தில் படித்தேன். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? சத்து மாத்திரைகளை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது (ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது, அதனால்தான்). பரிசோதனைக்கும் இரண்டு வருடமாகப் போகவில்லை. இந்த எடையை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

அசைபோடும்மாடு:

திரவத்தை மட்டும் தொடாதீர்கள். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் ஆறாவது நாள் பேய்த்தீனி. நெஞ்சில் நிற்கிறது என்றால் வேகமாகச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான். சின்னக் கரண்டி, ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஒன்பதாம்வருடம்:

கண்ணாடிப்பூ, முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்காருங்கள் அம்மா. (சாப்பாட்டோடு அல்ல, தனியாக!)

எனக்கு 58 வயது. பைபாஸ் (இதயத்துக்கு அல்ல, வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பது) செய்து ஒன்பது வருடம் முடிந்து பத்து நடக்கிறது. 131-ல் தொடங்கி 79 வரை போய், 94 வரை ஏறி, இப்போது நாலு வருடமாக 86, 87-லேயே நிற்கிறேன். ஆக நீங்கள் இப்போது ஏறிக்கொண்டிருக்கிற படியில் நான் உங்களை விட மேலே போய்விட்டு இறங்கி வந்தவள்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "மூன்று வேளைச் சாப்பாடு ஒழுங்காகத்தான் இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் ஐந்தாம் வருடத்தில் நானும் இதே வரியைத்தான் என் உணவு ஆலோசகரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு என்ன சாப்பிட்டேன் என்று எழுத வேண்டாம், எத்தனை தடவை வாயைத் திறந்தேன் என்று கோடு மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். முதல் நாள் இருபத்துமூன்று கோடு. அதில் சாப்பாடு என்று சொல்லக்கூடியது மூன்று.

இதுதான் கொறிப்பது. வயிறு சின்னதாக இருக்கும்போது ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது, சரி. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிடுவதை எந்த அறுவையும் தடுக்காது. வயிற்றைச் சின்னதாக்கினார்கள், நாளைச் சின்னதாக்கவில்லை. எலி மூட்டையை ஒரே நாளிலா காலி செய்கிறது?

எனக்கு என்ன உதவியது என்று சொல்கிறேன். எனக்கு, அவ்வளவுதான், உங்களுக்கும் அதே உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, நேரம் வைத்துச் சாப்பாடு. மூன்று அல்ல, நாலு. அந்த நாலாவது சரியாகச் சாயங்காலம், வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய கையோடு. முன்னெல்லாம் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் ராத்திரிச் சாப்பாடு வரை சமாளித்துவிடலாம் என்று வீம்பாக இருப்பேன், அந்த வீம்புதான் பிஸ்கட் டப்பாவில் போய் முடியும். இப்போது ஒரு கிண்ணம் கெட்டித் தயிரோ அவித்த முட்டையோ, தட்டில் வைத்து, உட்கார்ந்து. நின்றுகொண்டு சாப்பிடுவது எதுவும் கணக்கில் வராது என்று மனசு ஒரு பொய் சொல்லும், கவனித்திருக்கிறீர்களா? அடுப்படியில் நின்று தின்றதெல்லாம் எனக்கு ஞாபகத்திலேயே இருக்காது.

கறி இறங்கவில்லை என்கிறீர்கள். எனக்கும் வறண்ட கோழி இன்றைக்கும் இறங்காது, ஒன்பது வருடத்துக்கு அப்புறமும். குழம்பில் ஊறியதென்றால் போகும், மீன் போகும், நன்றாக மசிய வேகவைத்த பருப்பு போகும். நேற்றைய கோழியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் கட்டாயம் அடைக்கும், காய்ந்து நார் நாராகிவிடுகிறது. இறங்குகிற புரதம் எது என்று தேடிப் பிடிக்க வேண்டியது உங்கள் வேலை. அதை விட்டுவிட்டு, இறங்கவில்லை என்று பிஸ்கட்டுக்குப் போனால், ஆமாம், அது இறங்கும். வழுக்கிக்கொண்டே இறங்கும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் சத்தம் போடப் போகிறேன். நாளைக்கே போய்ப் பரிசோதனை செய்யுங்கள். நான் நாலாம் வருடம் நிறுத்தினேன், உங்களைப் போலவே, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று. ஆறாம் வருடம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, பாதம் மரத்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஹீமோகுளோபின் 7.8, பி12 வைட்டமின் தரைமட்டம். இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டியதாயிற்று. ரத்தம் தேறியது, பாதத்தில் ஒரு மரமரப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

தேன்வேண்டாம்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், பசி திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்த மாதிரிப் பசி? நான் பைபாஸ் செய்து நாலு வருடம். இரண்டாம் வருடத்தில் எனக்கு ஒரு பசி வரத் தொடங்கியது. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், எதையாவது இனிப்பாக வாயில் போட்டால்தான் நிற்கும். போட்டால் நிற்கும், மறுபடி இரண்டு மணி நேரத்தில் வரும். இப்படி இனிப்பைத் துரத்திக்கொண்டே ஆறு கிலோ ஏறினேன். மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்று எனக்கு நானே திட்டிக்கொண்டது வேறு.

பிற்பாடு தெரிந்தது, அது சர்க்கரை இறங்குவது, தாமதமான டம்பிங் என்கிறார்கள். பழச்சாறு, வெள்ளை ரொட்டி மாதிரி வேகமாகக் கரைகிறது எதையாவது தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறி, அதை அடக்க உடம்பு இன்சுலினை அள்ளிக் கொட்டி, பிறகு தேவைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று வருவது வேறு, அது முதல் வகை, அது எனக்கு ஆரம்பத்திலேயே வந்து போய்விட்டது. இந்த இரண்டாவது வகை ஒரு வருடம் தாண்டித்தான் தலைகாட்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது பழம் என்றால் தயிரோடு அல்லது கொட்டைப் பருப்போடு, சாறு கிடையவே கிடையாது. முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிட்டது. ஸ்லீவில் இது குறைவு என்கிறார்கள், ஆனாலும் நடுக்கம் வந்தால் ஒரு தடவை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

சாய்வுநாற்காலி:

எல்லாம் படித்தேன். என் கருத்து கொஞ்சம் கசக்கும். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் கடைசியில் வாயைக் கட்டினால்தான் உண்டு. அதை முதலிலேயே செய்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஒன்பதாம்வருடம்:

சாய்வுநாற்காலி, வாயைக் கட்டி இருபது வருடம் பார்த்துவிட்டுத்தான் தம்பி நாங்கள் கத்திக்குப் போனோம். நாற்காலியிலேயே இருங்கள்.

உணவுக்கணக்கு:

நான் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன், எடைக் குறைப்பு அறுவைக்குப் பின்னான உணவு ஆலோசனை. உங்களை நேரில் பார்க்காமல் மருத்துவம் சொல்ல முடியாது, பொதுவாகச் சில விஷயம் சொல்லலாம்.

வயிறு விரிந்ததா என்ற கேள்விக்கு: ஓரளவு விரியும், எல்லோருக்கும் விரியும், அது நீங்கள் செய்த குற்றம் அல்ல. அறுத்த புதிதில் உள்ளே வீக்கம் இருக்கும், தையல் புதிதாக இருக்கும், அதனால்தான் அரை முட்டையோடு நின்றது. அந்த அரை முட்டை நிலை நிரந்தரமாக இருக்க வேண்டியதும் இல்லை, இருந்தால் உங்களுக்குச் சத்துக் குறைபாடுதான் வந்திருக்கும். மூன்றாம் வருடத்தில் ஒரு சின்னத் தட்டு அளவு சாப்பிட முடிவது எதிர்பார்க்கிறதுதான். பசியும் அப்படியே. கிரெலின் என்ற பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் வயிற்றின் மேல் பகுதியில் சுரக்கிறது, ஸ்லீவில் அந்தப் பகுதியைத்தான் எடுத்துவிடுகிறார்கள், அதனால் முதல் வருடம் பசி அடங்கிக் கிடக்கிறது. நாளாக ஆக உடம்பு தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது, இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடம்புக்குப் பல வழி தெரியும்.

எட்டுக் கிலோவைப் பற்றி. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2,010 பேரை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தது. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள், பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் போய், கொஞ்சம் ஏறி, பிறகு நிற்பதுதான் வழக்கமான கோடு. ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை, ஆனால் கோட்டின் வடிவம் ஒத்துத்தான் போகிறது. நீங்கள் 118-லிருந்து இப்போது 34 கிலோ கீழே இருக்கிறீர்கள், கிட்டத்தட்ட 29 சதவீதம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மருத்துவர் முன்னாலும் தலை நிமிர்ந்து உட்காரலாம். கவலைப்பட வேண்டியது 84-ஐப் பற்றி அல்ல, அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பற்றி. அதற்காகத்தான் இப்போதே போக வேண்டும், 95 ஆன பிறகு அல்ல.

திரவ உணவு வயிற்றைச் சுருக்காது. தசையாலான பை அது, ஐந்து நாள் காலியாக வைத்தால் அளவு மாறாது. இரண்டு கிலோ குறையும், அதில் பெரும்பகுதி தண்ணீர். உங்கள் விஷயத்தில் அது தலைகீழான வைத்தியமும் கூட. உங்கள் சிக்கலே வழுக்கிப் போகிற உணவுதான். கெட்டியான புரதம், ஸ்லீவுக்குப் பின் குறுகலான குழாயாக மிஞ்சியிருக்கும் வயிற்றில் தங்கி மெதுவாக நகர்கிறது, அதனால் நாலு வாயில் நிறைவு வருகிறது. பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் மொறுமொறுவென்று இருந்தாலும் எச்சிலில் கரைந்து கூழாகிவிடும், கூழ் நிற்காது. கூடவே தண்ணீரோ தேநீரோ குடித்தால் இன்னும் வேகம். சாப்பாட்டோடு குடிக்காதே, முடிந்து அரை மணி கழித்துக் குடி என்று சொல்வது இதனால்தான். ஆக, உங்கள் ஸ்லீவ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: பசித்த நேரத்தில் மெத்தென்று வேகவைத்த மீனையும் காய்கறியையும் மட்டும் மெதுவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் வயிறு. நீங்களே எழுதிவிட்டீர்கள், நாலு வாய்க்கு மேல் கோழி போகவில்லை என்று. அப்புறம் அளவுக்கு மீறி எங்கே விரிந்தது?

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். நிறைவு வருவது வேறு, அடைத்துக்கொண்டு எச்சில் ஊறுவது வேறு. அடிக்கடி அடைத்தால், வாந்தி வந்தால், நெஞ்செரிச்சல் இருந்தால் அது மெல்லுவதில் உள்ள குறையாகவும் இருக்கலாம், குழாயில் எங்காவது குறுகியிருப்பதாகவும் இருக்கலாம். ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலே ஏறுவது பலருக்கு வருகிறது. இதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்கள். யாருக்காவது வாந்தி நாள்கணக்கில் நிற்காமல் போனால் மன்றத்தில் கேள்வி போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பி1 வைட்டமின் குறைந்து மூளையைத் தாக்கும் அளவுக்குப் போகலாம், அது அவசர சிகிச்சை.

புரதம் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 வரை. ஒரு முட்டையில் 6 கிராம்தான். வெந்த கோழி 100 கிராமில் சுமார் 30, வெந்த பருப்பு 100 கிராமில் 9 போல. கூட்டிப் பாருங்கள், கறி மீனைக் கைவிட்ட உங்கள் நாள் எங்கே நிற்கிறது என்று தெரியும். சாயங்காலப் பசிக்குக் காரணமே அங்கே இருக்கலாம். தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, இடம் இருந்தால் சோறோ ரொட்டியோ. இந்த வரிசை இரண்டாம் வருடத்தோடு முடிகிற விதி அல்ல.

மாத்திரைகள் ஆயுள் முழுக்க. "ரத்தம் நன்றாக இருந்தது, நிறுத்தினேன்" என்பதை வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும், அந்தக் கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கும் வரை பரிசோதனை நன்றாகத்தான் இருக்கும். கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தைச் சமன் செய்துவிடும், காகிதத்தில் அளவு சரியாகத் தெரியும், எலும்பு போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் வெறும் கால்சியத்தைப் பார்க்காமல் டி வைட்டமின், பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (இரும்பின் கையிருப்பு), பி12, ஃபோலேட், டி வைட்டமின் கட்டாயம்.

இவ்வளவும் செய்து எடை நிற்காமல் ஏறினால் அதற்கும் வழி இருக்கிறது. பசியைக் குறைக்கிற ஜிஎல்பி-1 வகை மருந்துகளை அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அது தோல்வி அல்ல. ரத்த அழுத்தத்துக்கு இரண்டாவது மாத்திரை சேர்த்தால் யாராவது வெட்கப்படுகிறோமா?

பாதித்தட்டு:

எல்லோரும் நிறையச் சாப்பிடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். ஸ்லீவ் செய்து ஐந்து வருடம். ஒரு கிராம் ஏறவில்லை. எல்லோரும் பாராட்டுகிறார்கள். உண்மையில் நடந்தது என்னவென்றால் பயம். திரும்ப ஏறிவிடுமோ என்ற பயத்தில் முதல் வருட அளவையே பிடித்துக்கொண்டேன், ஒரு நாளைக்கு மூன்று தடவை எடை பார்த்தேன், யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போகவில்லை. முடி கொட்டியது. முதல் ஆறு மாதம் கொட்டுவது பலருக்கும் உள்ளதுதான், திரும்ப வளரும், எனக்கு மூன்றாம் வருடமும் கொட்டியது. மகள் ஒரு நாள் கேட்டாள், அம்மா நீ ஏன் எப்போதும் என் தட்டையே பார்க்கிறாய் என்று.

இப்போது மனநல ஆலோசகரிடம் போகிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன், மாதம் ஒரு நாள் அங்கே போய்ப் பார்க்கிறேன். இரண்டு கிலோ ஏறியிருக்கிறது, தலைமுடியும் கொஞ்சம் வந்திருக்கிறது.

கண்ணாடிப்பூ, கோடு போடுகிற நோட்டு நல்ல யோசனைதான், ஆனால் என்னை மாதிரி ஆளிடம் கொடுத்தால் அதுவே சாட்டையாகிவிடும். உங்களுக்கு எண்ணுவது பயத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கூட்டினால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அசைபோடும்மாடு:

பாதித்தட்டு சொன்னது முக்கியம். நானும் ஒன்று சேர்க்கிறேன், ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை. சாப்பாட்டில் தேடியதை நான் குடியில் தேடத் தொடங்கினேன். அறுவைக்கு முன்னால் எப்போதாவது ஒரு பீர். பைபாஸுக்குப் பிறகு ஒரே கோப்பையில் தலைக்கு ஏறும், வேகமாகவும் ஏறும், அளவும் கூடுதல், அது உடம்பின் வேலை. முதல் வருடம் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்போம், இரண்டாம் வருடத்திலிருந்துதான் பலருக்கு வழுக்குகிறது. இப்போது பதினாலு மாதமாகத் தொடவில்லை. சாயங்காலம் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றால், அந்தக் கை என்ன தேடுகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பசியாகவே இல்லாமல் இருக்கலாம்.

கண்ணாடிப்பூ:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அலுவலகத்தில் வைத்துப் படித்து அழுதுவிட்டேன், பக்கத்து நாற்காலிக்காரர் ஜலதோஷமா என்றார்.

ஒன்பதாம்வருடம் அக்கா, கோடு போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது. நேற்று மட்டும். உணவுக்கணக்கு (நீங்கள் சார்-ஆ, மேடமா தெரியவில்லை), புரதத்தையும் கூட்டினேன், 35 கூட வரவில்லை. தேன்வேண்டாம், எனக்கு நடுக்கமெல்லாம் இல்லை, வெறும் வெறுமைதான். அசைபோடும்மாடு சொன்னதைத்தான் ராத்திரி யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், அந்த நேரத்தில்தான் டப்பா திறக்கிறது. பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன், அடுத்த வியாழன்.

கண்ணாடிப்பூ:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஃபெரிட்டின் 9, டி வைட்டமினும் குறைவு, பி12 விளிம்பில் நிற்கிறது. எடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று மட்டும்தான் கேட்டார்கள். அடைக்கிறது என்று சொன்னதற்கு கேமரா விட்டுப் பார்த்தார்கள். குறுகல் எதுவும் இல்லை, லேசான அமிலப் புண் இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எடை 83.6. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றிய கையோடு தயிர். பத்து நாள் நடந்தது, நாலு நாள் டப்பா திறந்தது, மிச்ச நாள் ஞாபகம் இல்லை. குழம்பில் ஊறிய மீன் ஏழு வாய் வரை போகிறது, எச்சில் ஊறவில்லை.

ஒரு சந்தேகம். இரும்பு மாத்திரை, கால்சியம் இரண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடலாமா, இல்லையென்றால் மறந்துவிடுகிறேன்.

உணவுக்கணக்கு:

ஒன்றாகப் போடாதீர்கள். கால்சியம் பக்கத்தில் இருந்தால் இரும்பு சரியாக உள்ளே போகாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீர், காபியையும் இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கால்சியத்தை ஒரே தடவையாக விழுங்கினாலும் பயனில்லை, ஒரு வேளைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது, அதனால் பிரித்துப் போட வேண்டும். எந்த வகை எழுதியிருக்கிறார்கள் என்று அட்டையைப் பாருங்கள். சிட்ரேட் என்றால் நல்லது, கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், உங்களுக்கு வயிறும் குறைவு, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் ஓடுகிறது. அந்த மாத்திரையால் இரும்பும் பி12-உம் உள்ளே போவதும் கொஞ்சம் குறையும், அதனால் எத்தனை நாளைக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

(மேடம்தான்.)

ஒன்பதாம்வருடம்:

இரும்பைப் படுக்கைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், ராத்திரி பல் துலக்கியதும். கால்சியத்தில் ஒன்றை அந்தத் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில். நான் அப்படித்தான். மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போட்டுவிடாதீர்கள், நான் போட்டுவிட்டு மலச்சிக்கலில் பட்ட பாடு தனிக்கதை.

பிஸ்கட் டப்பா இப்போது எங்கே இருக்கிறது?

கண்ணாடிப்பூ:

மேல் அலமாரியில் அக்கா. முக்காலி போட்டு ஏற வேண்டும். நேற்று ஏறினேன்.